வேலியில் உட்கார்ந்திருந்த வெள்ளை அந்து: ஒரு திசில் பூச்சியை இனங்கண்ட விதம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு மண் பகுதியில், சாலையோர வேலி ஒன்றில் ஜூன் கடைசியில் படம் பிடிக்கப்பட்ட அந்த வெள்ளை அந்துப்பூச்சி, மைலோயிஸ் சர்கம்வொலூட்டா. ஆங்கிலத்தில் திசில் எர்மின் என்பார்கள். திசில் என்பது சூரியகாந்திக் குடும்பத்து முட்செடி. ஊதாப் பூ, பஞ்சோடு பறக்கும் விதை. இந்தப் பூச்சியின் புழு அதன் பூத்தலையிலும் தண்டிலும் வளர்கிறது.

படத்தை அனுப்பிய தம்பி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் பொருந்தவில்லை, ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் சாதாரணமானதல்ல. அனுபவமுள்ளவர்கள் சொல்லிக்கொடுக்கும் காரணம்தான் அது. நல்ல விதி ஒன்று தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் எப்படி வழிதவற வைக்கிறது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

வந்த படமும் வந்த பெயரும்

படத்தில், வேலியாக வளர்ந்த ஹாத்தார்ன் என்ற முட்புதரின் இலைமேல் பூச்சி உட்கார்ந்திருக்கிறது. இறக்கைகளை உடம்போடு சுற்றி, நீளமாக, உருளை போல. தலை, மார்பு, முன் இறக்கை எல்லாம் பால் வெள்ளை. அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். கூடவே ஒரு கேள்வி:

"அண்ணா, ஹாத்தார்ன் வேலியில இருந்துச்சு. அப்போ இது இப்போனோமியூட்டா படெல்லாதானே?"

"உட்கார்ந்திருந்தது ஹாத்தார்ன் மேல. சரி. அந்த வேலிக்குக் கீழே என்ன செடி நிக்குதுன்னு பாத்தியா?"

"கீழேயா? முள்ளுச் செடிதான். திசில் மாதிரி. பழைய காஞ்ச தண்டுகூட நிக்குது."

இப்போனோமியூட்டா என்ற பேரினத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இவையும் வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட சிறு அந்துகள்தான். எர்மின் என்ற பொதுப்பெயர் முதலில் இவற்றுக்குரியது. புழுக்கள் கூட்டமாக வாழும், கிளை முழுவதையும் வலையால் மூடிவிடும். படெல்லா ஹாத்தார்னிலும் பிளாக்தார்னிலும் வளரும், மாலினெல்லஸ் ஆப்பிளில், ககனஜெல்லா ஸ்பிண்டில் மரத்தில். வளர்ந்த பூச்சியை மட்டும் வைத்து இந்த மூன்றையும் பிரிப்பது கிட்டத்தட்ட ஆகாத காரியம். எந்தச் செடியிலிருந்து புழுவை எடுத்து வளர்த்தோம் என்பதுதான் அங்கே பெயரைத் தீர்மானிக்கும். அதனால்தான் வெள்ளைப் புள்ளி அந்து என்றதும் "எந்தச் செடி?" என்று கேட்கிற வழக்கம் வந்தது.

ஆனால் அந்தக் கேள்வி புழுவுக்கானது. செடியைத் தின்றுகொண்டிருக்கும் புழுவைப் பொறுத்தவரை செடி ஒரு சான்று. பறந்து வந்து பகலில் ஓய்வெடுக்கிற பூச்சிக்கு இலை வெறும் உட்காருமிடம். இந்த வேலியில் வலையும் இல்லை, அரித்த இலையும் இல்லை என்று தம்பியே சொன்னார். அதைச் சொன்ன பிறகும் ஹாத்தார்ன் என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

புள்ளிகள் எவ்வளவு தூரம் உதவும்

புள்ளிகளை எண்ணாதீர்கள், அவை நிற்கும் விதத்தைப் பாருங்கள். இப்போனோமியூட்டாக்களில் புள்ளிகள் சிறியவை, பல, இறக்கையின் நீளவாக்கில் வரிசை கட்டியவை. பர்ட்செரி மரத்தில் வளரும் எவோனிமெல்லாவில் ஐந்து வரிசை வரை தெரியும். மற்றவற்றில் வரிசைகள் குறைவு, என்றாலும் வரிசை வரிசைதான். நம் படத்தில் அப்படி இல்லை. புள்ளிகள் குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. அடிப்பக்கத்தில் சில, நடுவில் சில, வெளிப்பக்கத்தில் குறுக்காக வளைந்த ஒரு தொடர், அப்புறம் இறக்கையின் ஓரத்தை ஒட்டிச் சிறு புள்ளிகள். நீளவாக்கில் கோடு போட முயன்றால் எதுவும் சேராது.

எனக்கு இதுவே போதும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் ஒரு படத்தை வைத்து, எந்தப் பூச்சியை எங்கே, எப்போது கண்டோம் என்று எழுதிவைக்கும் பதிவில் பெயர் எழுத எனக்கு மனம் வராது. காரணம் அளவு. மைலோயிஸின் இறக்கை விரிப்பு 27 முதல் 33 மில்லிமீட்டர். இப்போனோமியூட்டாக்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டியே நிற்கும், பெரிய எவோனிமெல்லாகூட 25-ஐ ஒட்டித்தான். இவ்வளவு பெரிய வித்தியாசம் படத்தில் தெரியவே தெரியாது. ஹாத்தார்ன் இலையை அளவுகோலாக எடுக்கலாமா என்றால், ஒரே கிளையில் ஒரு இலை நகத்தளவு, இன்னொன்று அதில் இரண்டு மடங்கு. அளவு தெரியாத பொருளை வைத்து அளவு தெரியாத பூச்சியை அளக்க முடியாது.

எனவே பூச்சியே வேண்டும் என்றேன். தம்பி அதே வேலியில் ஒன்றைக் குப்பியில் பிடித்து வந்தார். கொல்ல வேண்டிய அவசியமில்லை. குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் அசையாமல் கிடக்கும். முன் இறக்கையை அடியிலிருந்து நுனிவரை அளந்தோம்: 14 மில்லிமீட்டர். இரண்டு இறக்கையும் மார்பின் அகலமும் சேர்ந்தால் விரிப்பு முப்பதை ஒட்டி வரும். படெல்லாவுக்கு இந்த அளவு எட்டாது.

முகத்தில் இருந்த சான்று

அளவும் புள்ளியும் "இது அதுவல்ல" என்று சொல்கின்றன. "இது எது" என்று சொல்ல வேறொன்று வேண்டும். அதற்கு நான் எப்போதும் போவது உறிஞ்சுகுழலுக்கு.

பூச்சியை மல்லாக்க வைத்து, நல்ல வெளிச்சத்தில், இருபது மடங்கு லென்ஸை முகத்துக்கு நேரே கொண்டுவந்தால், சுருண்டு கிடக்கும் குழல் தெரியும். வெளிச்சுருள் பழுப்பாக, வழுவழுப்பாக மின்னும். அந்தப் பளபளப்பு தலையைத் தொடும் இடம்வரை அப்படியே போகிறதா, இல்லை அடியில் செதில் மூடியிருக்கிறதா? இப்போனோமியூட்டாவில் குழல் அடிவரை வெறுமை. இந்தப் பூச்சியில் சுருளின் முதல் வளைவில் வெள்ளைச் செதில்கள் ஓட்டின்மேல் ஓடு வைத்ததுபோல் படிந்திருந்தன. தம்பி பார்த்துவிட்டு லென்ஸைத் திருப்பித் தரவே இல்லை, மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடியில் செதில் போர்த்த குழல் என்றால் இப்போனோமியூட்டா குடும்பம் வெளியே. நம் பூச்சி, மைலோயிஸ் சேர்ந்த பைராலிட் குடும்பக் கூட்டத்தில் இருக்கலாம். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது, ஏனென்றால் ஜெலிகிட் என்ற இன்னொரு அந்துப் பெருங்குடும்பத்திலும் குழல் இப்படித்தான். அதில் எத்மியா டோடெசியா என்று ஒன்று உண்டு: வெளிர் சாம்பல் இறக்கை, தெளிவான கறுப்புப் புள்ளிகள், தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு மண்ணை விரும்புவது. அதாவது இடமும் பொருந்துகிறது, புள்ளியும் பொருந்துகிறது, குழலும் பொருந்துகிறது! இந்த ஆய்வில் உண்மையான போட்டியாளர் இதுதான்; படெல்லா அல்ல. ஆனால் எத்மியாவின் விரிப்பு இருபதை ஒட்டியது. உதட்டு உணர்விகள் நீளமாக, அரிவாள்போல் முகத்துக்கு மேலே வளைந்து நிற்கும். புழு வளர்வது க்ராம்வெல் என்ற செடியில். நம் பூச்சியின் அளவும் முகமும் இதை ஏற்கவில்லை.

பெரிய வெள்ளை எர்மின் என்ற ஸ்பைலோசோமாவை யாராவது நினைத்தால் ஒரே வரியில் முடித்துவிடலாம்: அது தடித்த, ரோமம் அடர்ந்த, மஞ்சள் வயிறு கொண்ட வேறு வகை அந்து.

பைராலிட் என்பதற்கு இன்னொரு உறுதியும் பின்னால் கிடைத்தது. அடுத்த கோடையில் தண்டிலிருந்து வளர்த்த பூச்சிகளில் ஒரு பெண் தானாகவே இறந்து கிடந்தது. அதை விரித்துப் பார்த்தோம். வயிற்றின் அடியில், முதல் கண்டங்களில், இரட்டைக் குழிகளாகச் செவியுறுப்பு. பறக்கும்போது முன், பின் இறக்கைகளைக் கோத்து வைக்கும் முள் பெரும்பாலான அந்துகளில் பெண்ணுக்கு இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும். இதில் ஒரே முள். பெண்ணிலும் முள் ஒன்றாக இருப்பது, பைராலிட்டுகளில் மைலோயிஸ் அடங்கும் ஃபைசிட்டினே என்ற துணைக்குடும்பத்தின் அடையாளம். தானியக் கிடங்குகளில் தொல்லை கொடுக்கும் பிளோடியா என்ற அந்து இதே துணைக்குடும்பம். 1926-இல் ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க விடப்பட்டு, காடுகாடாகக் கள்ளியைத் தின்று தீர்த்த காக்டோபிளாஸ்டிஸும் இதே துணைக்குடும்பம்தான். முட்செடியின் சதைக்குள் புகுந்து வாழ்வது இந்தக் கூட்டத்துக்குப் புதிதல்ல.

பிரிட்டனின் ஃபைசிட்டினேக்களில் பால் வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்டது வேறு கிடையாது. பெரும்பாலானவை சாம்பலும் பழுப்புமாக, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க மண்டையை உடைத்துக்கொள்ள வைப்பவை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்று வந்து சுலபமாக மாட்டிக்கொண்டது அபூர்வம்.

பெயர் தேடும்போது ஒரு எச்சரிக்கை. பழைய நூல்களில் இது மைலோயிஸ் கிரிப்ரெல்லா என்றே இருக்கும். 1785-இல் வைத்த சர்கம்வொலூட்டா முந்தையது என்பதால் இப்போது அதுதான் செல்லும். பழைய பதிவுகளைத் தேடுபவர்கள் இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

வேலிக்குக் கீழே

பூச்சியின் பெயர் இதோடு உறுதி. ஆனால் ஒரு பூச்சி ஓரிடத்தில் பறந்தது என்ற பதிவும், அங்கே பிறந்து வளர்ந்தது என்ற பதிவும் ஒன்றல்ல. பின்னது கிடைக்க வாய்ப்பிருக்கும்போது முன்னதோடு நிறுத்துவது எனக்குப் பிடிக்காது.

முதலில் செடியை உறுதி செய்தோம். திசில் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, பல இனங்கள் உண்டு. இலையின் மேற்புறத்தில் சிறு முள்ரோமங்கள் குத்தின. தண்டு முழுக்க முள் இறக்கைகள் ஓடின. விதையின் பஞ்சு ஒவ்வொரு இழையும் இறகுபோலக் கிளைத்திருந்தது. பஞ்சு இறகாக இருந்தால் சிர்சியம் பேரினம், கிளைக்காத மயிராக இருந்தால் கார்டுவஸ் பேரினம். மற்ற அடையாளங்களையும் சேர்த்தால் இது ஸ்பியர் திசில், சிர்சியம் வல்கேர். முதல் ஆண்டு தரையோடு இலைக்கொத்து, அடுத்த ஆண்டு தண்டு விட்டுப் பூத்துச் சாகும். செத்த தண்டு குளிர்காலம் முழுவதும் நிற்கும்.

அந்த நிற்கும் தண்டுதான் இந்தப் பூச்சியின் வீடு. கோடை முடிவில் புழுக்கள் பூத்தலைக்குள் விதையைத் தின்கின்றன. இலையுதிர் காலத்தில் தலையை விட்டுத் தண்டுக்குள் இறங்குகின்றன. குளிர்காலத்தைப் புழுவாகவே தண்டின் உட்சோற்றில் கழித்து, வசந்தத்தில் அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஜூன், ஜூலையில் பூச்சியாக வெளியே வருகின்றன.

பூத்தலையில் புழு இருந்தாலே இதுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. திசில் தலை ஒரு நெரிசலான இடம். யூகோஸ்மா கானா என்ற அந்தின் புழு அங்கே உண்டு. யூரோஃபோரா ஸ்டைலேட்டா என்ற ஈ தலைக்குள் கல்போன்ற கொப்புளம் உண்டாக்கும். ரைனோசில்லஸ் கோனிகஸ் என்ற கூன்வண்டும் இருக்கும். இந்த வண்டைத்தான் 1960-களின் கடைசியில் வட அமெரிக்காவில் மஸ்க் திசிலை அடக்க விட்டார்கள். அது அந்த மண்ணுக்கே உரிய திசில்களின் விதையையும் தின்கிறது என்ற ஆய்வு 1997-இல் வெளிவந்தது. திசில் தின்னி என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட உயிர்கள் இருக்கின்றன என்பதற்கு இது ஒன்றே போதும். எது எதைத் தின்கிறது என்று துல்லியமாகத் தெரியாமல் இந்தப் பெயர்களைப் புழங்கக் கூடாது.

தண்டைப் பிளந்தபோது

பிப்ரவரியில், கடுங்குளிர் கொஞ்சம் தணிந்ததும், செத்த தண்டுகளில் சிலவற்றை அடியோடு வெட்டினோம். எல்லாவற்றையும் எடுக்கவில்லை, பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நின்றன. தடித்த தோல் கையுறை அவசியம்; காய்ந்த திசில் முள் பச்சை முள்ளைவிடப் பொல்லாதது, தோலுக்குள் ஒடிந்து நின்றுவிடும்.

முதல் தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தோம். உட்சோறு வெண்மையாக, நுரைபோல லேசாக இருந்தது. அதன் நடுவே பழுப்பேறிய சுரங்கம் ஒன்று கீழ்நோக்கி ஓடியது, பின்னால் மரத்தூள் போன்ற எச்சம். சுரங்கத்தின் முடிவில் மெல்லிய பட்டு விரித்து அதற்குள் புழு சுருங்கிக் கிடந்தது. தொட்டால் மெதுவாகப் பின்வாங்கியது. அதே தண்டில், வேர்க்கழுத்துக்குப் பக்கத்தில், இன்னொரு புழு. தம்பி இரண்டும் ஒன்றுதான் என்றார். நிறத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். குளிர்காலப் புழுவின் நிறம் நம்பத்தகுந்ததல்ல.

புழுவில் பார்க்க வேண்டியது மயிர்கள். தலைக்கு அடுத்த முதல் மார்புக் கண்டத்தின் பக்கவாட்டில் ஒரு மூச்சுத்துளை இருக்கும். அதற்குச் சற்று முன்னே, தலையை ஒட்டிய பக்கம், ஒரு சிறு கடினத் தகட்டில் மயிர்கள் முளைத்திருக்கும். பைராலிட் என்றால் அங்கே இரண்டு மயிர். இலைசுருட்டிக் குடும்பமான டார்ட்ரிசிட் என்றால் மூன்று. இரண்டா மூன்றா என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுத்தால் மயிரின் நிழல் விழும், அப்போது எண்ணிவிடலாம். நேர்வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

மேலிருந்த புழுவில் இரண்டு. அத்தோடு நடு மார்பிலும், வயிற்றின் எட்டாம் கண்டத்திலும், ஒரு குறிப்பிட்ட மயிரின் அடியைச் சுற்றிக் கறுத்த வளையம் இருந்தது. ஃபைசிட்டினே புழுக்களில் தேடவேண்டியது இந்த வளையங்களைத்தான். கீழிருந்த புழுவில் மூன்று மயிர், வளையம் இல்லை. அது டார்ட்ரிசிட். ஸ்பியர் திசில் தண்டின் அடியில் வாழும் டார்ட்ரிசிட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது எபிப்ளீமா என்ற பேரினம்.

ஒரே செடி, ஒரே தண்டு, ஒரு சாண் இடைவெளி. இரண்டு வேறு குடும்பம். "திசிலில் புழு இருந்தது, அதனால் திசில் எர்மின்" என்று எழுதியிருந்தால் பாதிப் பதிவு பொய்யாகியிருக்கும். ஹாத்தார்ன் விஷயத்தில் நடந்ததும் இதேதான்: செடியை முதல் சான்றாக வைத்துக்கொண்டு உடம்பைப் பார்க்காமல் விடுவது. உடம்பைப் பார்த்த பிறகு செடி வந்தால் அது நல்ல துணை.

பிளக்காத தண்டுகளை வலைத்துணி கட்டிய பெட்டியில் வைத்து, வெளியிலேயே, மழை நேராக விழாத இடத்தில் விட்டோம். வீட்டுக்குள் கொண்டுவருவது பெரிய தவறு. சூட்டில் புழு காய்ந்துபோகும், அல்லது காலம் தப்பி வெளிவரும். வறண்டால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். ஜூனில் வெள்ளைப் பூச்சிகள் வந்தன, படத்தில் பார்த்த அதே புள்ளி அமைப்போடு. சில தண்டுகளிலிருந்து அந்துக்குப் பதிலாக ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தன. வளர்ப்பில் அது வழக்கம். அவற்றையும் தேதியோடு சாராயத்தில் போட்டு வைக்க வேண்டும், எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதை எழுத வேண்டும்.

தண்டு நிற்பதைப் பற்றி

ஸ்பியர் திசில் பிரிட்டனின் 1959-ஆம் ஆண்டு களைச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. செடி பரவினால் தடுக்கச் சொல்லி நிலத்தை வைத்திருப்பவருக்கு அறிவிப்பு அனுப்பலாம் என்பதுதான் சட்டம். எங்கே கண்டாலும் பிடுங்கியாக வேண்டும் என்பதல்ல. ஆனாலும் இலையுதிர் காலத்தில் சாலையோரத்தை ஒட்ட வெட்டி, வெட்டியதை அள்ளிப்போவது பல இடங்களில் நடக்கிறது. விதை ஏற்கெனவே பறந்துபோன பிறகு வெட்டுவதால் களை குறைவதில்லை, தண்டுக்குள் இருக்கும் புழுதான் போகிறது. களையை அடக்க வேண்டுமென்றால் பூக்கும் முன் வெட்டுங்கள். பூத்துச் செத்த தண்டில் ஒரு பகுதியையாவது ஜூலைவரை விட்டுவைக்கலாம். பூச்சி வெளியேறிய பிறகு அது வெறும் குச்சிதான்.

பதிவில் எழுதியது

பதிவு மூன்று வரிகளாகப் போனது. முதல் வரி, ஜூனில் வேலியில் கண்ட வளர்ந்த பூச்சி: இடம், தேதி, முன் இறக்கை அளவு, உறிஞ்சுகுழல் பார்த்து உறுதி. "ஹாத்தார்ன் மேல்" என்பதை உணவுச்செடிக் கட்டத்தில் எழுதாமல் குறிப்பில் "ஓய்விடம்" என்று எழுதினோம். அந்தக் கட்டத்தில் போட்டிருந்தால் நாளைக்கு யாராவது அதையே எடுத்து உணவுச்செடிப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். இரண்டாவது வரி, பிப்ரவரிப் புழு: ஸ்பியர் திசில் தண்டு, வளர்த்து உறுதி செய்யப்பட்டது.

மூன்றாவது வரி அடித்தண்டுப் புழு. அதைத் தனியாக அதன் தண்டுத்துண்டோடு வைத்திருந்தோம். கறுத்த இறக்கையின் நடுவே வெள்ளைத் திட்டு கொண்ட பூச்சியாக வந்தது, எபிப்ளீமாதான். ஸ்பியர் திசிலில் கிடைத்ததால் ஸ்கூட்டுலானா என்று எழுதத் தம்பிக்கு ஆசை. அதன் நெருங்கிய உறவான சிர்சியானா பெரும்பாலும் மார்ஷ் திசிலிலும் நாப்வீட் என்ற செடியிலும் வளர்வது, எனவே ஊகம் நியாயமே. ஆனால் இரண்டின் இறக்கைக் கோலமும் ஒன்றோடொன்று கலக்கும்; இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் பிரியும். நாங்கள் அறுக்கவில்லை, பறக்க விட்டுவிட்டோம். அந்த வரியில் "எபிப்ளீமா ஸ்கூட்டுலானா கூட்டம், இனம் பிரிக்கப்படவில்லை" என்றே இருக்கிறது.